சுவிட்சில் ஒட்டிய பிளாஸ்டர்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கடைசிக்கு முந்திய கட்டிடத்தின் நான்காம் மாடி பிளாட்டில், ஹோல் சுவரில் ஃபேனுக்கான சுவிட்ச் இருக்கிறது. சில மாதங்களில் அதன் குறுக்கே ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். காயத்துக்குப் போடுகிற, மருந்துக் கடையில் வாங்குகிற சாதாரணப் பிளாஸ்டர்தான். கொண்டைக்குருவி வந்து ஹோல் விளக்கின் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் கூடு கட்டத் தொடங்கும் அன்று அது ஒட்டப்படும். கடைசிக் குஞ்சு பல்கனிக் கம்பியைத் தாண்டிப் பறந்த அன்று உரிக்கப்படும். இப்படி வருடக்கணக்காக ஒட்டியும் உரித்தும் சுவிட்சைச் சுற்றிப் பசை படிந்து, அதில் தூசு பிடித்து, ஒரு கறுத்த தடம் விழுந்திருக்கிறது. போன வருடம் பெயின்ட் அடிக்க வந்தவர் அதைச் சுரண்டி எடுக்கப் போனார். நான் விடவில்லை.

அந்த வீட்டில் நான் முதன்முதலாகக் கால் வைத்தது கல்யாணமான புதிதில். நல்ல வெயில் காலம். கொட்டாஞ்சேனையிலிருந்து பட்டுச் சேலையும் நகையுமாக ஓட்டோவில் வந்து இறங்கினால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறி உள்ளே நுழைந்ததும் என் கண் தேடியது ஃபேன் சுவிட்சை. பிளாஸ்டரைக் கண்டதும் சுவிட்ச் பழுதாக்கும் என்று நினைத்தேன். நான் மின்பொறியியல் படித்தவள். பழுதென்றால் பார்த்துவிடலாமே என்று நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பினேன். குசினிக்குள்ளிருந்து என் கணவரின் அக்கா அகப்பையும் கையுமாக வந்து நின்றார். முறைக்கு எனக்கு மச்சாள்; அவருக்கு நானும் மச்சாள். "அதில கை வையாதையும்" என்றார். புது மணப்பெண்ணுக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் வரவேற்பு அது. பிறகு அகப்பையால் மேலே காட்டினார். விளக்குக் கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே காய்ந்த புல்லும் நீலப் பொலித்தீன் பை கிழிந்த நாரும் தெரிந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்து கொண்டை வைத்த ஒரு கறுத்த தலை என்னை முறைத்துக்கொண்டிருந்தது. ஃபேனின் இறக்கைக்கும் அந்தக் கூட்டுக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது.

அன்றைய விருந்தை வியர்வையில் நனைந்துகொண்டு சாப்பிட்டேன். விளக்குக்குக் கீழே பழைய பத்திரிகை விரித்திருந்தது. குருவி போய்வர பல்கனிக் கதவு திறந்தே இருந்தது. காகம் உள்ளே வராமலிருக்க அதில் நூல்கள் தொங்கின. கடற்கரை ரயில் கூவிக்கொண்டு போனபோது ஜன்னல்கள் அதிர்ந்தன, குருவி அசையவில்லை. முகப் பவுடரெல்லாம் கழுத்துக்கு இறங்கிவிட்ட ஆத்திரத்தில், ஒரு குருவிக்காக ஐந்து மனிதர் அவிய வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். வந்த அன்றே வாய் காட்டுகிறாள் என்று மாமியார் நினைத்திருப்பார். மச்சாள் கோபிக்கவில்லை. என் தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டுவிட்டுச் சொன்னார்: "குருவிக்குச் சுவிட்ச் எட்டாது. எங்களுக்கு எட்டும்."

இதை அவர் கண்டுபிடித்த வழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த ஊரில் கொண்டைக்குருவி கூடு கட்டாத ஹோல் விளக்கு குறைவு. தமிழர் வீடு, சிங்களவர் வீடு, முஸ்லிம் வீடு என்று அது பார்ப்பதில்லை. வீட்டில் குருவி குடியேறினால் நல்லது என்று சிலர் நம்புவார்கள். சிலருக்குப் பாவம் புண்ணியம் பற்றிய பயம். காரணம் எதுவானாலும், குஞ்சு பறக்கும்வரை அந்த ஹோலில் ஃபேன் சுற்றாது. பிள்ளைகள் சோதனைக்குப் படிப்பதும், பெண் பார்க்க வருகிறவர்களை இருத்துவதும், எல்லாம் அவிச்சலில்தான். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மீறுவதுமில்லை. மச்சாளுக்கு மட்டும் அது தொழிலாகவும் இருந்தது.

அவர் பறவை ஆராய்ச்சிக்காரர். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கமொன்றில் வேலை. வடக்கே குளிர் தொடங்கியதும் கடல் தாண்டி வருகிற நீர்ப்பறவைகளைப் பார்க்க, வருடா வருடம் மன்னார்ப் பக்கம் போய்ச் சேற்றில் நின்று கறுத்துப்போய் வருவார். நான் அதே வெள்ளவத்தையில், காலி வீதியில் புடவைக் கடையொன்றின் மேல்மாடியில், இரண்டு அறை அலுவலகத்தில் வேலை செய்தேன், இப்போதும் செய்கிறேன். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தது போதும், கடலில் காற்றாலை நடுங்கள் என்று அமைச்சுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதுதான் எங்கள் வேலை. ஆக, ஒரு குடும்பத்தில் ஒருத்தி இறக்கை வெட்டுப்படாமல் காப்பவள், மற்றவள் இறக்கை சுற்ற வைப்பவள். அவர் என்னைக் காத்துக்காரி என்பார். நான் அந்த பிளாட்டுக்குப் பறவைத் திணைக்களம் என்று பெயர் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் தொடங்கினால், என் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார்.

மச்சாள் என்னை எதிர்ப்பார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவருடைய சங்கத்தில் காற்றாலை என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்துவார்கள். கரையிலும் வேண்டாம், கடலிலும் வேண்டாம், பறவை வரும் வழியில் எதுவும் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. மச்சாள் அப்படிச் சொல்லவில்லை. களப்பு நீர் வருடா வருடம் முந்திக்கொண்டு வற்றுவதையும், தூரம் பறந்து வந்த பறவை இரையில்லாமல் மெலிந்து நிற்பதையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் அவர். வெப்பம் இப்படியே ஏறினால் காப்பாற்றப் பறவை மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் மேசையில் நான் வழக்கம்போல மூச்சுவிடாமல் வாதாடிக்கொண்டிருக்க, அவர் கையைக் கழுவிவிட்டு வந்து சாவதானமாகச் சொன்னார்: "புகைக்குச் சுவிட்ச் இல்லை மச்சாள். காத்தாடிக்கு இருக்கு. அதால நான் உம்மட பக்கம். ஆனா அந்தச் சுவிட்சை நிப்பாட்டவும் பாவிக்க வேணும்."

அவர் கேட்டது இவ்வளவுதான். பறவைக் கூட்டங்கள் கடலைக் கடக்கும் பருவத்தில் கரையில் ஆட்கள் நின்று பார்க்க வேண்டும். கூட்டம் வருவது தெரிந்தால், அது போகும் பாதையில் இருக்கும் காற்றாலைகளை நிறுத்த வேண்டும். கூட்டம் கடந்ததும் திரும்ப ஓடவிடலாம். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இது பெரிய வித்தையல்ல. இறக்கைகளைக் காற்றுப் பிடிக்காதபடி திருப்பிவிட்டால் சற்று நேரத்தில் நின்றுவிடும். மின்சாரத்தில் கொஞ்சம் குறையும், வருமானத்தில் கொஞ்சம் குறையும். நான் அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். திட்டத்தைக் கவிழ்க்கிற நட்டம் அதில் இல்லை. அதன் பிறகு அந்த நிபந்தனை எனக்கும் நிபந்தனையாகிவிட்டது. அதை அவரிடம் சொன்னபோது, பறவைத் திணைக்களத்தில் எனக்கு வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார்.

வடமேற்குக் கடலில் காற்றாலை நடுவதற்கு ஒரு கம்பனி முன்வந்தபோதுதான் சோதனை வந்தது. கருத்துக் கேட்கும் கூட்டம் கொழும்பில், கடலைப் பார்த்த ஹோட்டலொன்றின் மண்டபத்தில் வைத்தார்கள். சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொள்ள வைக்கிற குளிர். மேடையில் அதிகாரிகள், முன்வரிசையில் கம்பனிக்காரர், ஒரு பக்கம் எங்கள் அலுவலகம், மறுபக்கம் மச்சாளின் சங்கம். மாதக்கணக்காக இழுபட்டு ஒரு இணக்கத்துக்கு வந்திருந்தோம். அன்றைக்கு அந்த நிபந்தனையை வாசித்துப் பதிவு செய்தால் முடிந்தது. தமிழில் வாசிப்பதற்கென்று வந்திருந்தவர் நல்ல குரலில் வாசித்தார்: "பறவைக் கூட்டங்கள் கடக்கும் வேளைகளில் காற்றாலைகள் நிறுத்தப்படலாம்." எங்கள் தலைவர் தலையாட்டினார். சங்கத்துக்காரர்களும் தலையாட்டினார்கள். யாரோ கைதட்டவும் தொடங்கினார்.

தமிழர்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை இது. நம் பேச்சில் 'லாம்' என்பது சம்மதம். நாளைக்கு வருவீர்களா என்று கேட்டால், வரலாம் வரலாம் என்கிறோம். செய்து தருவீர்களா என்றால், செய்யலாம் என்கிறோம். கேட்டவர் திருப்தியாக எழுந்து போய்விடுவார். அந்த மண்டபத்திலும் எல்லாருடைய காதுக்கும் அது நாகரிகமான ஒப்புதலாகவே கேட்டது. ஆனால் அனுமதிப் பத்திரத்தில் 'நிறுத்தப்படலாம்' என்றால் நிறுத்தாமலும் விடலாம் என்றுதான் அர்த்தம். பேசி முடித்தபோது இருந்த சொல் 'நிறுத்தப்படும்'. இடையில் எங்கோ, யாரோ, கத்தரிக்கோல் இல்லாமலே வெட்டிவிட்டார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதே வேலையைச் செய்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

மச்சாள் எழுந்து நின்றார். ஒலிவாங்கி அவரிடம் வரும்வரை காத்திருக்கவில்லை. முதலில் தமிழில், பிறகு மேடையில் நடுவில் இருந்த மூத்த அதிகாரிக்காகச் சிங்களத்தில், தன் வீட்டு ஹோலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். விளக்கு, கூடு, ஃபேன், பிளாஸ்டர். இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கம்பனிக்காரர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் தலைவர் என்னைப் பார்த்தார்; அடக்குங்கள் என்று அதற்கு அர்த்தம். நான் கூரையைப் பார்த்தேன். ஆனால் மேடையிலிருந்த மூத்த அதிகாரியின் முகம் மெல்ல இளகிக்கொண்டு வந்தது. "அபே கெதரத் ஒஹொமய்" என்றார், தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று. சொல்லிவிட்டுச் சிரித்தார். மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள், ஏனென்றால் பாதிப் பேரின் வீட்டில் அந்தக் குருவி இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் ஃபேனை நிறுத்தச் சொன்னது யார் என்று மச்சாள் கேட்டார். அம்மா என்றார் அவர். அதற்கு மச்சாள் சிங்களத்தில் கேட்டதை, வீட்டுக்கு வந்து எங்களுக்குத் தமிழில் திரும்பச் சொன்னபடியே எழுதுகிறேன்: "உங்கட அம்மா 'நிப்பாட்டலாம்' எண்டா சொன்னவ?"

சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை ஒரு முறை தனக்குள் வாசித்தார். பிறகு பேனையை எடுத்து மூன்று மொழியிலும் வெட்டித் திருத்தினார். வாசிப்பவரிடம் கொடுத்துத் திரும்ப வாசிக்கச் சொன்னார். 'நிறுத்தப்படும்' என்று அந்த நல்ல குரல் சொன்னபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. நான் அழுதுவிட்டேன் என்று மச்சாள் பிறகு குடும்பம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். குளிரில் கண் கலங்கியது என்று நான் சாதித்தேன். இன்று மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன்தான்.

தேநீர் வேளையில் அவருடைய சங்கத்துக்காரர் ஒருவர் வந்து, நிறுத்தச் சொல்லி வாதாடி காற்றாலை நட அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்று பல்லைக் கடித்தார். எங்கள் தலைவர் என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப் போய், உங்கள் மச்சாள் கம்பனியை ஓடப் பண்ணப் போகிறார் என்றார். சங்கத்தில் அதன் பிறகு அவரை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. காற்றுக்கு விலைபோனவள் என்ற பேச்சு அடிபட்டது. அதை அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். ரயிலில் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது, ரெண்டு பக்கமும் அடி விழுகிறதே, வலிக்கவில்லையா என்று கேட்டேன். வலிக்கத்தான் செய்கிறது என்றார். இருபது வருடம் தோழிகளாக இருந்தவர்கள் முகத்தைத் திருப்பினால் வலிக்காமல் இருக்குமா என்றார். பிறகு கதவோரம் நின்று, கடலைப் பார்த்துக்கொண்டே கச்சான் கொறித்தார். மன்னிப்புக் கேட்கும் எண்ணமோ, விளக்கம் சொல்லும் எண்ணமோ அவர் முகத்தில் துளியும் இல்லை.

நோய் அவரை அடுத்த வருடம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா மாமி போய்ச் சேர்ந்துவிட்டிருந்ததால், நாங்கள் கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டிவிட்டு வெள்ளவத்தையில் வந்திருந்து பார்த்தோம். படுக்கையறையில் காற்றில்லை என்று ஹோலில் கட்டில் போட்டோம். போட்ட சில நாளில் கொண்டைக்குருவி வந்தது. நானே கையைத் தட்டி விரட்டியிருப்பேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டரை எடுத்து வரச் சொன்னார். எழுந்து நிற்க முடியாததால் என் கையால் ஒட்ட வைத்தார். சரியாக ஒட்டவில்லை, ஓரம் கிளம்பி நிற்கிறது என்று குறையும் சொன்னார்.

அந்த நாட்களின் வெக்கையை எப்படிச் சொல்வது? கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. இலை அசையவில்லை. அவருடைய முதுகின் கீழ் விரித்த துவாயை மாற்றி மாற்றி முடியவில்லை. என் கணவர் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருப்பார். ஒரு மத்தியானம் அக்காவின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் வழிவதைப் பார்த்து அந்த மனிதருக்குப் பொறுக்கவில்லை. விசிறியை எறிந்துவிட்டுப் போய்ப் பிளாஸ்டரைப் பிய்த்து எடுத்தார். குஞ்சு பொரித்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. விளக்குக் கிண்ணத்துக்குள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் விரல் சுவிட்சில் இருந்தது, அவருக்குக் கண்ணெல்லாம் நீர். மச்சாள் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "தம்பி, ஒட்டு."

அவர் ஒட்டினார். அந்தப் பிளாஸ்டர் இனி ஒட்டாது என்று நான் புதியதொன்று எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் சுவரோடு சாய்ந்து நின்று சத்தமாக அழுதார். எனக்கு அன்று மச்சாள் மேல் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொன்னால். சாகும்போதுகூடத் தோற்றுக் கொடுக்காத பிடிவாதம் என்று நினைத்தேன். இன்றைக்கு அந்தக் கோபம் எனக்கு இல்லை. தான் பட முடியாத கஷ்டத்தைப் பிறரைப் படச் சொல்லி அவர் ஒருநாளும் கூட்டத்தில் எழுந்து நின்றதில்லை.

குஞ்சுகள் பறந்தன. பிளாஸ்டரை உரித்து ஃபேனைப் போட்டோம். அந்தக் காற்றில் அவர் சில நாள் நிம்மதியாகத் தூங்கினார், தூக்கத்திலேயே போனார். இறக்கைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, உம்மட ஆள் நல்லா வேலை செய்யுறார் காத்துக்காரி என்று ஒரு நாள் சொன்னார். அதுதான் அவர் என்னைக் கடைசியாகச் சீண்டியது.

நினைவுக் கூட்டம் வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது கூப்பிடாத சங்கத்துக்காரர் மாலையோடு வந்து, கடலைக் காற்றாலையிடமிருந்து காக்கப் போராடிய வீராங்கனை என்றார். அடுத்து எழுந்த எங்கள் தலைவர், காற்றாலைக்குப் பச்சைக்கொடி காட்டிய முற்போக்காளர் என்றார். படத்துக்குள் மச்சாள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி பாதியாக வெட்டிப் பங்கு போட்டதில் முழு ஆள் எங்கே போனார் என்று எனக்கு வயிறு எரிந்தது. குடும்பத்தின் சார்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். மேடையேறி, அவர் கேட்டது ஒரு சொல், அது 'நிறுத்தப்படும்', அதற்கு இந்தப் பக்கமும் அவர் இல்லை, அந்தப் பக்கமும் அவர் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நன்றியுரை கொஞ்சம் அவசரமாக முடிந்தது.

சில மாதத்துக்கு முன் திட்டத்தைக் கம்பனி புதுப்பித்து வெளியிட்டது. கொழுத்த புத்தகம், வழுவழுப்பான தாள், அட்டையில் விடிகாலைக் கடலும் பறக்கும் பூநாரைகளும். நான் அட்டையைப் பார்க்கவில்லை, நேரே அந்த வரிக்குப் போனேன். 'நிறுத்தப்படலாம்' என்றிருந்தது. திருத்திய அதிகாரி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நினைவில் வைத்திருந்த ஆள் செத்துவிட்டார். இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது: கரையில் கட்டப்போகும் பறவை நோக்கும் கோபுரத்துக்கு மச்சாளின் பெயர்.

பெயர் வைக்கக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். எங்கள் தலைவர் முதலில் தொலைபேசியில் வந்தார். இத்தனை வருடம் நாம் கேட்டது இந்தத் திட்டத்தைத்தானே, ஒரு சொல்லுக்காக அதைத் தள்ளிப் போடலாமா, அந்தப் பெயர் இருந்தால் சங்கத்துக்காரர் வாய் திறக்கமாட்டார்கள் என்றார். அதுதான் விஷயம். அவர்களுக்குத் தேவை மச்சாளின் பெயரால் ஒரு வாய்ப்பூட்டு. தலைவர் சொன்னதில் ஒன்று மட்டும் என்னைக் குத்தியது. அந்தக் காற்றாலைகளுக்கு என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் இந்த நாட்டில் யாரும் இல்லை. புடவைக் கடை மேல்மாடியில் என் தலைமுடி நரைத்ததே அவற்றுக்காகத்தான். கடலில் அவை சுற்றுவதைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்ற பயம் எனக்கு உண்டு. அப்படியிருந்தும் முடியாது என்றேன். வேலையை யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றேன்.

போன வாரம் கம்பனி அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். நாங்கள் இப்போது இந்த பிளாட்டில்தான் இருக்கிறோம். தமிழ்ப் பிள்ளை, கோட்டும் டையும், மரியாதையான பேச்சு. உங்கள் மச்சாளின் பெயர் நிலைத்து நிற்கும் அன்ரி, கோபுரத்தைக் காண வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருவார்கள் அன்ரி என்றார். நான் தேத்தண்ணி கொடுத்தேன், நன்றாகச் சூடாக. பேசிக்கொண்டிருக்கும்போதே கோட்டைக் கழற்றினார். டையைத் தளர்த்தினார். கைக்குட்டை நனைந்துவிட்டது. கடைசியில் தயங்கிக் கேட்டார்: "கரண்ட் இல்லையோ அன்ரி?"

கரண்ட் இருக்கிறது என்றேன். அவர் ஃபேனைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், பிளாஸ்டரைப் பார்த்தார். பிறகு மெல்ல விளக்கைப் பார்த்தார். கூட்டுக்குள்ளிருந்து அந்தக் கறுத்த தலை அவரை முறைத்தது. அவர் முகத்தில் கம்பனி மறைந்து ஒரு வீட்டுப் பிள்ளை தெரிந்தது. "எங்கட வீட்டிலயும் அம்மா இப்பிடித்தான்" என்றார். தன் வாயால் அவர் அதைச் சொல்லும்வரை நான் காத்திருந்தேன்.

"அப்ப உங்களுக்கு விளக்கம் தேவையில்லை தம்பி" என்றேன். "'நிறுத்தப்படும்' எண்டு மூண்டு பாசையிலயும் எழுதிக்கொண்டு வாங்கோ. பேரை அண்டைக்கே தாறம். 'லாம்' எண்டு இருக்கிற தாளில அவவின்ர பேர் வராது. வந்தா நான் கோர்ட்டுக்குப் போவன், பத்திரிகைக்குப் போவன், உங்கட கோபுரத்துக்கு முன்னால கதிரை போட்டு இருப்பன்."

மேலிடத்தில் சொல்லிப் பார்க்கலாம் அன்ரி என்றார். அந்த 'லாம்' காதில் விழுந்ததும் நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் விளங்கிவிட்டது போலும், காது சிவந்து, சொல்லுறன் என்று திருத்திக்கொண்டார். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். லிஃப்ட் அன்றும் வேலை செய்யவில்லை.

என் கணவர் பல்கனியிலிருந்து உள்ளே வந்தார். தலைவர் என்னை வேலையால் நிப்பாட்டிவிடுவாரோ என்று கேட்டார். நிப்பாட்டட்டும் என்றேன். கம்பனி திரும்பி வருமோ என்று கேட்டார். "வருவினம். அக்காவின்ர பேர் இல்லாமல் அவையளுக்கு ஓடாது. அந்தச் சுவிட்ச் எங்களுக்குத்தான் எட்டும்" என்றேன். அவர் சுவரருகே போய், பிளாஸ்டரின் கிளம்பியிருந்த ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டார்.

இதை எழுதும்போதும் ஹோலில் காற்றில்லை. குஞ்சு இன்னும் பொரிக்கவில்லை. கம்பனியின் புத்தகம் மேசையில்தான் கிடக்கிறது. அட்டை நல்ல தடிப்பு, பிடிக்க வசதி. அதை எடுத்து விசிறிக்கொண்டிருக்கிறேன்.